போனில் வைத்திருந்தாலே குற்றமா? குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டலும் நம் சட்டங்களின் ஓட்டைகளும்

2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டும் வீடியோவை ஒருவர் தன் போனில் இறக்கித் தனியாகப் பார்த்தால், யாருக்கும் அனுப்பாத வரை, அது குற்றமாகாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து வழக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. அப்போதிருந்து பலருக்கும் குழப்பம். பார்த்தாலே சிறையா? யாரோ குரூப்பில் போட்ட வீடியோவுக்கு நான் பொறுப்பா? இவ்வளவு கடுமையான போக்சோ சட்டம் இருக்கும்போது ஒரு உயர் நீதிமன்றம் எப்படி அப்படிச் சொல்ல முடிந்தது?

கடைசிக் கேள்விதான் முக்கியம். நம் நாட்டில் தண்டனைகள் போதிய அளவு கடுமையாகவே இருக்கின்றன. ஆனால் சட்டங்களுக்கு நடுவே இடைவெளிகள் இருக்கின்றன, குற்றவாளிகள் அவற்றின் வழியே வெளியே போகிறார்கள். "சட்டம் வலுவாக வேண்டும்" என்ற கோரிக்கையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். எந்த இடத்தில் வலுவாக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கோரிக்கைக்குப் பலன் இருக்கும்.

அடிப்படை: குழந்தை யார், குற்றம் எது

போக்சோ என்பது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம். 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள், ஆணோ பெண்ணோ வேறுபாடு இல்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் சம்மதத்துக்குச் சட்டத்தின் கண்ணில் மதிப்பு கிடையாது.

2019இல் இந்தச் சட்டத்தில் பெரிய திருத்தம் வந்தது. குழந்தைகளைப் பாலியல் செயலில் காட்டும் எந்தக் காட்சிப் பதிவும் குற்றத்துக்குள் வரும் என்று அப்போது வரையறுத்தார்கள். போட்டோ, வீடியோ மட்டுமல்ல, உண்மையான குழந்தையிலிருந்து பிரித்தறிய முடியாதபடி கணினியில் உருவாக்கிய படமும், மாற்றியமைத்துக் குழந்தைபோலத் தோன்றும் படமும் இந்த வரையறைக்குள் அடங்கும். இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலியில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகத்தை வைத்து ஆபாசப் படம் செய்கிறவர்கள், "இது நிஜமில்லையே" என்று தப்பிக்க முடியாது. திருத்தம் நிறைவேறியபோது இந்தச் செயலிகள் பரவியிருக்கவில்லை. வரையறையை அகலமாக எழுதி வைத்ததால் சட்டம் இன்றைக்கும் பயன்படுகிறது.

இத்தகைய பதிவுகளுக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயரையும் மாற்றச் சொன்னது உச்ச நீதிமன்றம். 'குழந்தை ஆபாசம்' என்பதற்குப் பதிலாக 'குழந்தைப் பாலியல் சுரண்டல் மற்றும் வன்கொடுமைப் பதிவு' என்ற பொருள் தரும் சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டது. நாடாளுமன்றமும் அப்படித் திருத்துவதைப் பரிசீலிக்கலாம் என்றது. இந்தக் கட்டுரையில் சுருக்கமாக 'வன்கொடுமைப் பதிவு' என்றே சொல்கிறேன்.

எல்லாக் குழப்பத்துக்கும் காரணமான 15ஆவது பிரிவு

போக்சோவின் 15ஆவது பிரிவு வன்கொடுமைப் பதிவை வைத்திருப்பது பற்றியது. இதில் மூன்று உட்பிரிவுகள் இருக்கின்றன.

1. பதிவை வைத்திருந்து, பிறருக்குப் பகிரும் எண்ணத்தோடு அதை அழிக்காமலும் புகார் தெரிவிக்காமலும் இருப்பது. முதல் முறை குறைந்தது 5,000 ரூபாய் அபராதம், மறுபடி செய்தால் குறைந்தது 10,000.
2. பரப்புவதற்காகவோ காட்டுவதற்காகவோ விநியோகிப்பதற்காகவோ வைத்திருப்பது. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புகார் தரவோ நீதிமன்றத்தில் சாட்சியமாக்கவோ வைத்திருந்தால் விலக்கு உண்டு.
3. வியாபாரத்துக்காக வைத்திருப்பது. முதல் முறை மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், மறுமுறை ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும்.

முதல் உட்பிரிவில் உள்ள "பகிரும் எண்ணத்தோடு" என்ற சொற்களில்தான் வழக்கு சிக்கியது. சென்னை அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் 2020இல் பதிவான வழக்கு அது. ஓர் இளைஞரின் போனில் இரண்டு வீடியோக்கள் இருந்தன. அவர் யாருக்கும் அனுப்பியதற்கு ஆதாரம் இல்லை. அனுப்பவில்லை என்றால் பகிரும் எண்ணம் இல்லை, எண்ணம் இல்லையென்றால் குற்றம் இல்லை என்ற தர்க்கத்தில் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது.

உச்ச நீதிமன்றத்தில் அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பர்திவாலா அமர்வு இதை வேறு விதமாகப் படித்தது. தீர்ப்பை எழுதியவர் பர்திவாலா. அவர் போன வழி இது:

1. மூன்று உட்பிரிவுகளும் தனித்தனிக் குற்றங்கள். ஒன்று பொருந்தாவிட்டால் இன்னொன்று பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.
2. முதல் உட்பிரிவுக்கு உண்மையில் அனுப்பியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அழிக்கவும் இல்லை, புகார் தரவும் இல்லை என்ற நடத்தையிலிருந்தே எண்ணத்தை ஊகிக்கலாம். குற்றம் முழுமையடையும் முன்பே தடுப்பதற்காகத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள்.
3. போக்சோவின் 30ஆவது பிரிவு குற்ற மனநிலை இருந்ததாக அனுமானிக்கச் சொல்கிறது. அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிறுவிவிட்டால், தனக்கு அந்த எண்ணம் இல்லை என்று காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர்தான். அதைச் செய்ய வேண்டிய இடம் விசாரணை நீதிமன்றம். விசாரணைக்கு முன்பே உயர் நீதிமன்றம் வழக்கை மூடியது தவறு.
4. போனில் கோப்பு இறங்கியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. இணையத்திலேயே ஓட விட்டுப் பார்த்தாலும், அது தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று தெரிந்து பார்த்தால், அதுவும் வைத்திருப்பதற்குச் சமம்.

இதற்குத் தீர்ப்பிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தெரியாத ஒருவர் அனுப்பிய லிங்க்கைத் தொடுகிறீர்கள், வன்கொடுமைப் பதிவு திறக்கிறது. அந்த நொடியில் உங்களுக்குத் தெரியாது, சரி. ஆனால் மூடாமல் தொடர்ந்து பார்த்தால் வைத்திருந்ததாக ஆகும். உடனே மூடினாலும் கடமை முடியவில்லை, புகாரும் தெரிவிக்க வேண்டும்.

இதோடு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தகைய பதிவுகளைத் தேடுவது, இணையத்தில் உலாவிப் பார்ப்பது, பதிவிறக்குவது, பரிமாறுவது எல்லாமே இதில் குற்றம். முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆன்லைனில் குழந்தையோடு பழகிப் பாலியல் செயலுக்கு இழுப்பதும் இதே பிரிவில் வருகிறது. ஒரே செயலுக்கு ஒரு சட்டம் 5,000 ரூபாயில் தொடங்குகிறது, இன்னொன்று ஐந்து ஆண்டு வரை போகிறது. இந்த முரண்பாட்டை நாடாளுமன்றம்தான் தீர்க்க வேண்டும். "பகிரும் எண்ணத்தோடு" என்ற சொற்களுக்குத் தீர்ப்பு ஒரு விளக்கம் தந்திருக்கிறது, ஆனால் ஒவ்வொரு வழக்கிலும் அதன் மேல் வாதம் நடந்துகொண்டேதான் இருக்கும். தெரிந்தே வைத்திருப்பது குற்றம் என்று நேரடியாக எழுதிவிட்டால் வாதத்துக்கு இடம் இராது.

ஒரு சொல்லின் பொருளால் குழந்தை நீதி இழப்பது இது முதல் தடவையும் அல்ல. 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, தோலோடு தோல் படாமல் ஆடைக்கு மேலாகத் தொட்டால் அது போக்சோவின்படி பாலியல் தாக்குதல் ஆகாது என்றது. அதையும் உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்ய வேண்டியிருந்தது.

"பார்ப்பவர் யாருக்கும் தீங்கு செய்யவில்லையே" என்ற வாதம்

இதை நியாயமான கேள்வியாக நினைத்துக் கேட்பவர்களும் உண்டு. பதில் சொல்ல வேண்டியது அவசியம்.

பெரியவர்கள் நடித்த ஆபாசப் படமும் இதுவும் ஒன்றல்ல. இங்கே வீடியோவில் இருப்பது நடந்த குற்றமேதான். ஒரு குழந்தையை ஒருவர் வதைத்தபோது எடுத்த பதிவு அது. அந்த ஒரு நாள் வதை முடிந்துவிட்டாலும் பதிவு முடிவதில்லை. பத்து ஆண்டு கழித்து அந்தக் குழந்தை வளர்ந்து கல்லூரிக்குப் போகும்போதும், வேலைக்குப் போகும்போதும், எங்கோ யாரோ அதைத் திறந்துகொண்டிருப்பார்கள். எதிரே வருகிறவர் அதைப் பார்த்தவராக இருக்கலாம் என்ற அச்சத்தோடு வாழ்வது என்ன வாழ்க்கை? பார்ப்பவர்கள் இருப்பதால்தான் புதிது புதிதாக எடுக்கிறார்கள். கேட்பவர் இல்லையென்றால் இதற்குச் சந்தை இல்லை. அதனால் வைத்திருப்பதைத் தனிநபர் சுதந்திரமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

காவல் நிலையத்துக்குத் தகவல் எப்படி வருகிறது

அம்பத்தூர் வழக்கில் பக்கத்து வீட்டார் யாரும் புகார் கொடுக்கவில்லை. தகவல் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்திலிருந்து தமிழகக் காவல் துறை வழியாக வந்தது. அதன் பாதை இப்படி:

1. அறியப்பட்ட ஒவ்வொரு வன்கொடுமைப் பதிவிலிருந்தும் கணித முறையில் ஒரு குறியீட்டு எண் எடுக்கிறார்கள். இது அந்தப் படத்தின் கைரேகை மாதிரி. இதற்கான போட்டோடிஎன்ஏ என்ற தொழில்நுட்பத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் டார்ட்மத் கல்லூரியுடன் சேர்ந்து 2009இல் உருவாக்கியது.
2. யாராவது அதே படத்தைத் தளத்தில் ஏற்றும்போது குறியீடு ஒத்துப்போனால் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும்.
3. தெரிய வந்ததை அமெரிக்காவில் உள்ள காணாமல்போன, சுரண்டலுக்குள்ளான குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை.
4. இந்தியாவைச் சேர்ந்த தகவல்கள், 2019இல் போட்ட ஒப்பந்தத்தின்படி, அங்கிருந்து நம் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வருகின்றன. அது மாநிலக் காவல் துறைக்கு அனுப்புகிறது.

இங்கேதான் உச்ச நீதிமன்றம் இன்னொரு ஓட்டையைச் சுட்டிக்காட்டியது. சமூக வலைத்தள நிறுவனங்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவு ஒரு பாதுகாப்பு தருகிறது. பயனர் போடும் பதிவுக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்பது அது. அமெரிக்க மையத்துக்குச் சொல்லிவிட்டோம் என்பதோடு நிறுவனங்கள் நின்றுவிட முடியாது, போக்சோவின் 19, 20 பிரிவுகளின்படி இந்தியக் காவல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும், தவறினால் 79இன் பாதுகாப்பு கிடைக்காது என்று தீர்ப்பு சொல்கிறது. என் பார்வையில் இந்தத் தீர்ப்பின் மிகப் பயனுள்ள பகுதி இதுதான். ஒற்றை ஆளைப் பிடிப்பதைவிட, லட்சக்கணக்கான பதிவுகள் ஓடும் குழாயில் கைவைப்பது பெரிய காரியம்.

20ஆவது பிரிவு நிறுவனங்களோடு நிற்கவில்லை. ஊடகம், ஹோட்டல், லாட்ஜ், மருத்துவமனை, கிளப், போட்டோ ஸ்டூடியோ ஊழியர்களுக்கும் இந்தக் கடமை உண்டு. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவர் தன் கீழ் உள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஒரு ஆண்டு வரை. லாட்ஜ் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கு இப்படி ஒரு கடமை இருப்பது தெரியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஆள்கடத்தல்: பல சட்டங்கள், நடுவில் இடைவெளி

வன்கொடுமைப் பதிவும் ஆள்கடத்தலும் பல நேரம் ஒரே குற்றத்தின் இரு முனைகள். வேலை வாங்கித் தருகிறேன், கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று அழைத்துப்போகும் புரோக்கர் முதலில் படம் எடுக்கிறான். அப்புறம் அந்தப் படத்தை வைத்தே மிரட்டுகிறான். ஊருக்குத் திரும்ப முடியாதபடி கட்டிப்போட அதுவே போதும்.

சர்வதேச அளவில் இதற்கான வரையறை ஐ.நா.வின் பலெர்மோ நெறிமுறையில் இருக்கிறது. 2000இல் உருவான இதை இந்தியா 2011இல் ஏற்று உறுதி செய்தது. இதன்படி ஆள்கடத்தலுக்கு மூன்று கூறுகள் வேண்டும்: செயல் (ஆள் சேர்ப்பது, கொண்டுபோவது, அடைத்து வைப்பது), வழிமுறை (மிரட்டல், ஏமாற்று, பலவந்தம்), நோக்கம் (சுரண்டல்). ஆனால் குழந்தை என்றால் நடுவில் உள்ள வழிமுறையை நிரூபிக்கவே வேண்டாம். செயலும் நோக்கமும் இருந்தால் போதும்.

நம் சட்டத்தில் இந்த விலக்கு எழுதப்படவில்லை. 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் புதிதாக எழுதிய 370ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 143ஆவது பிரிவாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்று இது சொல்கிறது, பெற்றவர்களுக்குப் பணம் கொடுத்து அழைத்துப்போவதையும் வழிமுறையாகக் கணக்கில் கொள்கிறது. இருந்தாலும் மிரட்டலோ ஏமாற்றோ ஆசைகாட்டலோ ஏதாவது ஒன்றை நிரூபித்தாக வேண்டும், குழந்தையாக இருந்தாலும். "16 வயசுப் பெண், தானாகத்தான் வந்தாள்" என்று எதிர்த்தரப்பு வாதாடும் வாசல் இது. ஒரே ஒரு வரி சேர்த்தால் அடைத்துவிடலாம்.

தண்டனையில் குறையில்லை. ஒரு குழந்தையைக் கடத்தினால் குறைந்தது 10 ஆண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்றால் குறைந்தது 14 ஆண்டு, இரண்டிலும் ஆயுள் வரை போகலாம். போலீசாரோ அரசு ஊழியரோ சம்பந்தப்பட்டிருந்தால் ஆயுள் முழுவதும் சிறை. இன்னொரு நல்ல மாற்றம், ஆசைகாட்டி அழைத்துச் செல்லும் குற்றத்தில் 'மைனர் பெண்' என்று இருந்ததைக் 'குழந்தை' என்று மாற்றியிருக்கிறார்கள். சிறுவர்களும் இப்போது பாதுகாப்புக்குள் வருகிறார்கள்.

மற்ற சட்டங்களைப் பார்த்தால் குழப்பம் கூடுகிறது. 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டத்தில் 'குழந்தை' என்றால் 16 வயது நிறையாதவர், 16 முதல் 18 வரை 'மைனர்'. போக்சோவில் 18 வரை குழந்தை. ஒரே 17 வயதுப் பெண் ஒரு சட்டத்தில் குழந்தை, இன்னொன்றில் இல்லை. அதே 1956 சட்டத்தின் 8ஆவது பிரிவு, பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைத்ததாகப் பாலியல் தொழிலில் இருக்கும் பெண்ணையே தண்டிக்கிறது. கடத்தப்பட்டு வந்தவரும் இதில் சிக்கலாம். இப்படி இருக்கும்போது அவர் எந்த நம்பிக்கையில் போலீசிடம் பேசுவார்?

இதையெல்லாம் ஒன்றாகக் கோர்க்க முயற்சி நடந்தது. தடுப்பு, பாதுகாப்பு, மறுவாழ்வு மூன்றையும் சேர்த்த ஆள்கடத்தல் மசோதாவை 2018 ஜூலையில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் அது நிறைவேறவில்லை, 2019இல் மக்களவையின் பதவிக்காலம் முடிந்ததும் காலாவதியானது. 2021இல் புதிய வரைவு ஒன்றைப் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. அது நாடாளுமன்றப் படியேறவில்லை.

தண்டனையை இன்னும் கூட்டினால்?

2019 திருத்தம் மிகக் கொடிய பாலியல் வன்கொடுமைக்குத் தூக்குத் தண்டனை வரை கொண்டுவந்தது. குழந்தையைச் சிதைத்தவனைத் தூக்கில் போடு என்ற கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் இந்தக் குற்றங்களில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவர், பல நேரம் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர். தூக்கு என்றால் "நம்ம ஆளைச் சாகவிடவா?" என்று குடும்பமே வாயை மூடச் சொல்கிறது. புகாரே வராத குற்றத்துக்கு எந்தத் தண்டனையும் கிடையாது.

வலு எங்கே தேவை என்று நான் நினைப்பவை:

1. காலக்கெடு. போக்சோவின் 35ஆவது பிரிவு, வழக்கை எடுத்துக்கொண்ட 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிய வேண்டும், முடிந்தவரை ஒரு ஆண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது. மீறினால் என்ன என்று சொல்லவில்லை. எட்டு வயதில் நடந்ததைப் பன்னிரண்டு வயதில் கூண்டில் நின்று சொல்லச் சொன்னால் அந்தக் குழந்தை என்ன செய்யும்? வாய்தா வாய்தாவாக இழுக்கும்போது குடும்பம் சோர்ந்து, சமரசம் பேசி, சாட்சி பிறழ்ந்துவிடுகிறது.
2. ஆய்வகமும் அதிகாரியும். தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறைந்தவர் விசாரிக்க முடியாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கு நிபுணர் கையெழுத்தும் குறியீட்டு எண்ணும் கொண்ட சான்றிதழ் வேண்டும். சரியான நிபந்தனைதான். ஆனால் ஆட்களும் ஆய்வகங்களும் இல்லாமல் நிபந்தனை மட்டும் இருந்தால் அது குற்றவாளிக்கே உதவும்.
3. பணம். 2020 போக்சோ விதிகளின்படி தீர்ப்புக்கு முன்பே இடைக்கால இழப்பீடு கேட்கலாம், நீதிமன்றம் உத்தரவிட்டால் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தினக்கூலிக் குடும்பம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலியை விட்டுத்தான் வருகிறது. அதனால் இது சலுகை கிடையாது, வழக்கு நிலைத்து நிற்க உதவும் ஊன்றுகோல்.
4. குறி தவறாமல் இருப்பது. 17 வயதுப் பெண்ணும் 18 வயதுப் பையனும் காதலித்து ஓடிப்போனால் அதுவும் போக்சோ வழக்காகிறது. இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று தமிழகக் காவல் துறைத் தலைமை 2022 டிசம்பரில் சுற்றறிக்கை அனுப்பியது. சம்மத வயதை 18க்குக் கீழே குறைக்க வேண்டாம் என்ற சட்ட ஆணையம்கூட, 2023 அறிக்கையில், 16 முதல் 18 வயதுக்குள் இப்படிப்பட்ட வழக்குகளில் தண்டனை விஷயத்தில் நீதிபதிக்கு வழிகாட்டப்பட்ட விருப்புரிமை வேண்டும் என்றது. காதல் வழக்குகளில் செலவாகும் காவலர் நேரம், கடத்தல்காரனைத் தேட வேண்டிய நேரம்.

உங்கள் போனுக்கு வந்தால்

1. பார்வர்ட் செய்யாதீர்கள். "இவனைப் பிடிக்க உதவுங்கள்" என்று எழுதி அனுப்பினாலும் அது பரப்புவதுதான். குழந்தையின் முகம், பெயர், பள்ளி எதையும் வெளியிடுவது தனிக் குற்றம். போக்சோவின் 23ஆவது பிரிவு அடையாளத்தைக் காக்கச் சொல்கிறது.
2. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பகுதியில் பெயர் சொல்லாமலே புகார் தரலாம். அருகில் உள்ள காவல் நிலையத்திலும் தரலாம். அனுப்பியவரின் எண், குரூப்பின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள்.
3. காவல் துறைக்குத் தெரிவித்தபின் அவர்கள் சொல்வதன்படி பதிவை ஒப்படையுங்கள் அல்லது அழியுங்கள். குரூப்பிலிருந்து வெளியேறுங்கள்.
4. ஒரு குழந்தை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது அதற்காக வழக்குப் போட முடியாது என்று போக்சோவின் 19ஆவது பிரிவே உறுதி தருகிறது.